வலது டேங்கில் நிறைய இருக்கு

ஹேங்கரில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, விமானத்தின் எரிபொருள் மானி பற்றி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எந்தத் திருகை முதலில் கழற்றுவது, எத்தனை ஓம் காட்ட வேண்டும் என்றெல்லாம் எழுதுவேன் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். அதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. படித்துக்கொள்ளுங்கள். படிக்கச் சோம்பலாக இருந்தால் இந்தத் தொழிலை விட்டுவிட்டு வேறு வேலை பாருங்கள்.

என்னைக் கோபக்காரி என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய ஒரு விமானம்கூடப் பெட்ரோல் தீர்ந்து வயலில் இறங்கியதில்லை. இதைப் பெருமையாகவே சொல்கிறேன். அடக்கமாகப் பேச எனக்கு வராது.

சென்டர் என்றால் என்னவென்று தெரியாமலே அதை மாற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். பழைய சின்ன விமானத்தில் இரண்டு இறக்கைக்குள்ளும் ஒவ்வொரு டேங்க். டேங்குக்குள் ஒரு மிதவை, வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் இருக்குமே, அதுபோல. பெட்ரோல் ஏறினால் மிதவை ஏறும், இறங்கினால் இறங்கும். மிதவையின் கை ஒரு கம்பிச் சுருளின் மேல் நகரும். அந்தச் செய்தி ஒற்றைக் கம்பி வழியாக ஓடி, பைலட் முன்னால் இருக்கும் முள்ளை அசைக்கும். மிதவை, கை, சுருள் மூன்றும் சேர்ந்ததுதான் சென்டர், செய்தி அனுப்புகிறது என்ற அர்த்தத்தில். இவ்வளவுதான் சாமான். இது பொய் சொன்னால் மேலே இருப்பவன் கீழே வருவான்.

நான் சொல்லப்போவது ஓய்வு பெறுவதற்குச் சில வருஷம் முன்னால் நடந்தது. சின்னக்கானல் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில், எந்தக் காலத்திலோ மருந்து தெளிக்க வெட்டிய புல் ஓடுதளம் ஒன்று இருந்தது. எஸ்டேட் முதலாளியின் சிநேகிதர் ஒருவர், எல்லோரும் கேப்டன் என்று கூப்பிடுகிற மலையாளி, தன் விமானத்தைக் கோடையில் அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருந்தார். நாலு சீட், இறக்கை மேலே. நான் பள்ளிக்கூடம் சேர்ந்த காலத்தில் தயாரான விமானம் அது. கேப்டன் அதைப் பழைய இரும்பாக வாங்கி உயிர்ப்பித்தார். பணிக்காலம் முழுக்கப் பெரிய விமானம் ஓட்டிய மனுஷர், இதைத்தான் தன் விமானம் என்பார்.

விமானம் ஓட்ட அவருக்கு இருந்த மருத்துவச் சான்று அந்த மாதத்தோடு முடிகிறது. கண் மங்கிக்கொண்டு வந்தது. அடுத்த சான்று கிடைக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குள் விமானத்தைத் தன் கையால் சமவெளிக்குக் கொண்டுபோய் இறக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அவர் மனைவி கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அந்த விமானத்தில் கால் வைக்காத டீச்சர், இந்தக் கடைசிப் பயணத்துக்கு மட்டும் பக்கத்தில் உட்காருகிறேன் என்று ஒத்துக்கொண்டிருந்தார். மழைக்காலம் வாசலில் நின்றது. ஒருமுறை பிடித்தால் அந்த ஓடுதளம் மாதக்கணக்கில் சேறு. அப்புறம் விமானம் தார்ப்பாய்க்கு அடியில் ஊறிக்கொண்டே கிடக்கும். இறக்கிக் கொண்டுபோக வேறொரு பைலட்டைத்தான் தேட வேண்டும்.

இந்த நேரத்தில் இடது டேங்க் மானி படுத்துவிட்டது. டேங்கில் பாதிக்கு மேல் பெட்ரோல் இருக்கும்போதே முள் பொத்தென்று காலிக்கு விழுந்ததாம். கேப்டன் பயந்து உடனே இறங்கி எனக்குப் போன் செய்தார்.

நான் கொழிஞ்சாம்பாறைக்காரி. பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் வழியாக மலை ஏறினேன். இரண்டு புது சென்டரைத் துணியில் சுற்றி எவர்சில்வர் டப்பாவில் வைத்து மடியை விட்டு இறக்காமல் கொண்டுபோனேன். மிதவையின் கை மெல்லிய கம்பி. பஸ்ஸில் மேல் தட்டில் போட்டால் யாராவது வாழைக்குலையை அதன் மேல் வைத்து நசுக்கிவிடுவார்கள். மூணாறில் எஸ்டேட் ஜீப் வந்து நின்றது. டிரைவர் செல்லத்துரை. தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து தேயிலைக்கு வந்த குடும்பம். விமானத்துக்குக் கேனில் பெட்ரோல் கொண்டுவந்து ஊற்றுவதும், ஓடுதளத்தில் மாடு விரட்டுவதும், யானை வந்துபோன தடம் இருக்கிறதா என்று பார்ப்பதும் அவர் பொறுப்பு.

"அக்கா, டப்பால என்ன, அல்வாவா?"

"விமானத்துச் சாமானுங்க. தொட்டீங்கன்னா கை இருக்காது."

"நா தொடலக்கா. கேப்டன் சொன்னாரு, ஒரு அம்மா வாறா, அவகிட்ட வாயக் கொடுக்காதேன்னு. சரியாத்தான் சொல்லியிருக்காரு."

மறுநாள் காலையில் இடது டேங்கில் ஆரம்பித்தேன். சென்டரிலிருந்து கம்பியைக் கழற்றி விமானத்தின் தகட்டில் தொட்டேன். அந்த ரக மானியில் அப்படித் தொட்டால் முள் நிறைவுக்கு ஓட வேண்டும், எடுத்தால் காலிக்குப் போக வேண்டும். தொட்டேன், ஓடியது. எடுத்தேன், விழுந்தது. அப்படியானால் முள் நன்றாக இருக்கிறது, கம்பியும் நன்றாக இருக்கிறது. கோளாறு டேங்குக்குள். பெட்ரோலைக் கேன்களில் வடித்துவிட்டு சென்டரை உருவினேன். மிதவை பழைய காலத்துக் கார்க்கு. மேல் பூசிய வார்னிஷ் உரிந்து, பெட்ரோலைக் குடித்துக் குடித்துக் கனத்துப்போயிருந்தது. மிதக்க வேண்டியது அடியில் படுத்துக்கொண்டது. அதனால்தான் டேங்கில் பெட்ரோல் இருந்தும் முள் காலி என்றது.

புது சென்டரைக் கையில் எடுத்துப் பழையதோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன். கையின் வளைவு வேறு மாதிரி இருந்தது. ஆழம் குறைந்த டேங்குக்குச் செய்த கை. அப்படியே மாட்டினால் பாதி டேங்கிலேயே மிதவை தன் அடிமட்டத்தைத் தொட்டுவிடும். அளவுக் கோலை விட்டு டேங்கின் ஆழத்தை அளந்து, பழையதைப் பார்த்துப் பார்த்துக் கையை வளைத்தேன். கேப்டன் பின்னால் நடந்துகொண்டே இருந்தார்.

"எந்தா ருக்மணி இது? புதிய சாதனமல்லே? பெட்டியில இருந்து எடுத்து மாட்டினா போதாதா?"

"புதுச் செருப்பு வாங்குனா காலு சரியா இருக்குதான்னு பாக்க மாட்டீங்களா கேப்டன்?"

"செருப்பு கடிச்சா கழட்டி எறியலாம்."

"அதையேதானுங்க நானும் சொல்றேன். இதை மேல போய்க் கழட்ட முடியாது."

டீச்சர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். "நீங்க அவளை வேலை பார்க்க விடுங்க" என்றார், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கசியாதபடி கேஸ்கெட் வைத்து, திருகுகளை எதிரெதிராக இறுக்கி, வடித்த பெட்ரோலைச் செல்லத்துரை கேன் கேனாகத் திருப்பி ஊற்ற, ஒவ்வொரு கேனுக்கும் கோலை விட்டு அளந்து முள்ளோடு ஒத்துப் பார்த்தேன். கோல் பாதிக்குக் கொஞ்சம் மேல் நனைந்தது. முள்ளும் அங்கேயே வந்து நின்றது. இடது பக்கம் முடிந்தது.

வலது பக்கத்துக்கு ஏணியை நகர்த்தினேன். அங்கேதான் சண்டை தொடங்கியது.

"வலது நல்ல மீட்டர். அதைத் தொடண்டா" என்றார் கேப்டன், தொடாதே என்று. "எப்பவும் ஸ்டெடி. அசையவே அசையாது."

இந்த இடத்தில் நில்லுங்கள். இதைத்தான் நான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். பறக்கும் விமானத்தில் பெட்ரோல் அலம்பிக்கொண்டே இருக்கும். மிதவை ஆடும். முள் லேசாகத் துடித்துக்கொண்டே இருக்கும். அசையவே அசையாத முள் என்று ஒருவர் புகழ்ந்து சொன்னால் உங்கள் கை ஏணியைத் தேட வேண்டும். தேடவில்லை என்றால் நீங்கள் இன்னும் மெக்கானிக் ஆகவில்லை. இடது மானி பொய் சொன்னது. ஆனால் பயமுறுத்துகிற பொய். அதனால் கேப்டன் உடனே இறங்கினார், எனக்குப் போன் செய்தார், நான் வந்தேன். வலது மானியும் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. ஆறுதல் சொல்கிற பொய். அதை யாரும் சந்தேகப்படவில்லை. அப்படிப்பட்ட மானிக்கு எல்லோரும் நல்ல பெயர்தான் கொடுப்பார்கள்.

"கேப்டன், ரெண்டையும் பாக்காம நான் கையெழுத்துப் போட மாட்டனுங்க."

"கீழே நோக்கு. மஞ்சு கேறி வருது. இன்னும் கொஞ்ச நேரத்தில் மலை மூடிப்போகும். நாளைக்கு மழை வந்தா? என் சான்று முடிஞ்சா? நீ வந்து ஓட்டுவியா?"

அவர் சொன்னதில் தப்பில்லை. பள்ளத்தாக்கிலிருந்து மஞ்சு, அதாவது மூடுபனி, மேலே வந்துகொண்டிருந்தது. கீழே தேயிலைச் சரிவு பாதி காணாமல் போய்விட்டது. ஆனால் வடக்கே மலைவிளிம்பு இன்னும் தெளிவாக இருந்தது. அந்த விளிம்பைத் தாண்டிவிட்டால் அப்புறம் உடுமலைச் சமவெளி. அதைத் தாண்டும்வரை கீழே பாறையும் காடும்தான். இறக்க ஒரு பாய் அளவு இடம் கிடையாது.

"எந்த டேங்குல ஏறப் போறீங்க?"

"வலது. நிறைஞ்ச டேங்கில்தானே டேக்ஆஃப் செய்யணும். விளிம்பைத் தாண்டின பின்னே இடது."

விதிப்படி அது சரி. அதிகம் இருக்கும் டேங்கில்தான் ஏற வேண்டும். இந்த விமானத்தில் ஒரு நேரத்தில் ஒரு டேங்கில் இருந்துதான் எஞ்சின் குடிக்கும். ஆனால் எது அதிகம் என்று யார் சொன்னது? ஒரு முள் சொன்னது. கேப்டனுக்கு முழங்கால் வலி. ஏணி ஏறி இறக்கை மேல் மூடியைத் திறந்து பார்ப்பதை அந்தக் கோடை முழுக்கச் செல்லத்துரையிடமே விட்டிருந்தார். பறந்ததும் எஸ்டேட்டைச் சுற்றிச் சின்னச் சுற்றுதான் என்பதால் முள் இறங்காதது அவருக்கு உறுத்தவில்லை.

"உனக்குச் சந்தேகமா? ஊத்தினவனையே கேக்கலாம்" என்று கேப்டன் திரும்பினார். "செல்லத்துரே, வலத்தே டாங்கில் நிறைய உண்டோ?"

"நிறைய இருக்கு சார்."

"கேட்டியோ? மீட்டரும் நிறைய, ஆளும் நிறைய. ரெண்டு சாட்சி. இனி என்ன வேணும்?"

டீச்சர் பின்னலைப் பையில் போட்டார். கேப்டன் கதவைத் திறந்து பிடித்தார்.

என் காதில் அந்த வார்த்தை இரண்டு தரம் விழுந்தது, இரண்டு பாஷையாக. நாங்கள் கொழிஞ்சாம்பாறைக்காரர்கள். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தமிழ், பள்ளிக்கூடத்திலும் சர்க்கார் ஆபீசிலும் மலையாளம். எங்களுக்கு ஒரு வார்த்தை காதில் விழுந்தால் அது எந்தப் பக்கத்து வார்த்தை என்று தானாகவே பார்க்கும் பழக்கம் உண்டு. பார்க்காவிட்டால் சண்டைதான் வரும். மலையாளத்தில் நிறைய என்றால் விளிம்புவரை, தளும்பத் தளும்ப. கேப்டன் கேட்டது அது. தமிழில் நிறைய என்றால் அதிகம், தாராளம். செல்லத்துரை சொன்னது அது. கேட்டவரும் உண்மையாகக் கேட்டார், சொன்னவரும் உண்மையாகச் சொன்னார். அந்தக் கோடை முழுக்க இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் சந்தோஷமாக விமானம் ஓட்டியிருக்கிறார்கள்.

"செல்லத்துரை, நிறையன்னா எவ்வளவுங்க?"

"நிறையன்னா நிறையதாங்க்கா. போன வாரம் ரெண்டு கேனு ஊத்துனேன்லா."

"எந்தக் கேனு?"

"இந்தா, இந்தச் சின்னக் கேனு." அவர் ஜீப்பில் கிடந்ததைக் காலால் தட்டிக் காட்டினார். "ரெண்டு கேனு இருந்தா நம்ம ஜீப்பு மூணாறு போயிட்டு வந்து திருப்பியும் போகும். அப்பிடின்னா நிறையதானே? ஏன்க்கா இப்பிடி மொறைக்கிய?"

கேப்டன் கதவைப் பிடித்தபடியே நின்றார். முகம் லேசாக மாறியது. ஆனால் பைலட்டுகளின் கர்வம் உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

"அதுக்கு முன்னாடி உள்ளே இருந்ததும் உண்டல்லோ. மீட்டர் ஃபுல் காட்டுது. மஞ்சு வந்திட்டு ருக்மணி. ஏறு டீச்சரே."

"டீச்சர், ஏறாதீங்க."

நான் கத்தவில்லை. கோலை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினேன். வலது மூடியைத் திறந்து கோலை அடிவரை விட்டு எடுத்தேன். இறங்கி வந்து கேப்டனின் கையில் கொடுத்தேன். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதுவும் ஒரு வார்த்தையாகப் போயிருக்கும்.

கோலின் நுனியில் நாலு விரற்கடைகூட நனையவில்லை.

மஞ்சு வந்தது. முதலில் ஓடுதளத்தின் அந்தக் கோடி, அப்புறம் காற்றுத் திசை காட்டும் பை கட்டிய கம்பம், அப்புறம் ஜீப். கேப்டன் கோலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் மனதுக்குள் கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது. நான் போட்ட கணக்கும் அதுதான். புல்லில் ஓட்டம், ஏற்றம், முழு வேகத்தில் எஞ்சின், குடிப்பு இரண்டு மடங்கு. விமானம் மூக்கைத் தூக்கி ஏறும்போது மிச்சமிருப்பது டேங்கின் பின்பக்கம் போய் ஒதுங்கிவிடும். விளிம்புக்கு முன்னால் எஞ்சின் இருமும்.

"தீர்ந்தாலும் இடதுக்குத் திருப்பலாமே" என்றார், மெதுவாக. என்னிடம் சொன்னதுபோல் இல்லை.

"திருப்பலாங்க. திருப்பி, எஞ்சின் புடிக்கற வரைக்கும் பாறை காத்திருக்குமான்னு கேட்டுட்டு வாங்க."

டீச்சர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். "ஞான் இதிலாணோ கேறான் போயது?" என்றார். இதிலா நான் ஏறப்போனேன் என்று. கேப்டனைப் பார்த்துக் கேட்கவில்லை. விமானத்தைப் பார்த்துக் கேட்டார். அதுதான் கேப்டனை அதிகம் சுட்டது என்று நினைக்கிறேன். எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. காட்டவில்லை.

இனி நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். முள் தப்பு, அதனால் சென்டர் தப்பு. டப்பாவில் இன்னொரு புது சென்டர் இருக்கிறது. மாட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பீர்கள். நான் சாமானைத் தொடுவதற்கு முன்னால் அதே பழைய சோதனையைச் செய்தேன். வலது சென்டரிலிருந்து கம்பியைக் கழற்றிக் காற்றில் விட்டேன். முள் காலிக்கு விழ வேண்டும். விழவில்லை. எதிலும் தொடாமல் நிற்கும் கம்பியை வைத்துக்கொண்டு அது இன்னும் நிறைவு என்றே காட்டியது.

"அப்போ மீட்டர் கெட்டுப்போச்சு" என்றார் கேப்டன்.

மானிக்குப் பின்னால் கையை விட்டு, அந்தக் கோடியில் கம்பியைக் கழற்றினேன். முள் உடனே காலிக்கு விழுந்தது. மானியும் நல்லது. அப்படியென்றால் இரண்டு கோடிக்கும் நடுவில், கம்பி எங்கேயோ தகட்டைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. தொட்டால் நிறைவு காட்டும் என்று சொன்னேன் அல்லவா? அதனால்தான் அசையாத நிறைவு. உள்ளே பெட்ரோல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது நிறைவுதான். புது சென்டர் மட்டும் மாட்டியிருந்தால் அதுவும் அதே முள்ளைத்தான் காட்டியிருக்கும். புதுச் சாமான் போட்டோம், சரியாகத்தான் காட்டும் என்று நீங்கள் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். இரண்டு பேர் அதை நம்பி ஏறியிருப்பார்கள்.

கம்பி போகும் வழியெல்லாம் விரலால் தடவிக்கொண்டே வந்தேன். கதவுத் தூணில் அது உள்துணிக்கு அடியில் ஒளிந்தது. துணி புதுசு. நல்ல பழுப்பு நிறம், ஓரத்தில் தையல் எல்லாம் அழகு.

"இது எப்பப் போட்டீங்க?"

"கழிஞ்ச வருஷம். கார் சீட் தைக்கிற ஆள் ஒருத்தன் வந்து போட்டான். நல்லாப் போட்டான் இல்லே?"

துணியைப் பிடித்திருந்த திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். எல்லாம் சின்னது. நடுவில் ஒன்று மட்டும் நீளம். காருக்கு வைத்திருந்த திருகாக இருக்க வேண்டும். அதை உருவியதும் செல்லத்துரை கத்தினார். அவரை மானிக்கு முன்னால் உட்கார வைத்து, இரண்டு கோடியிலும் கம்பியைத் திருப்பி மாட்டியிருந்தேன்.

"அக்கா, முள்ளு உளுந்துட்டு!"

திருகின் நுனி கம்பியின் தோலைக் கிழித்துக்கொண்டு தூணில் இறங்கியிருந்தது. அவ்வளவுதான் விஷயம். கேப்டன் அந்தத் திருகை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"துணி மாத்தின பிறகுதான் இந்த மீட்டர் சரியாச்சுன்னு நினைச்சேன்" என்றார். "அதுக்கு முன்னே மேலேயும் கீழேயும் ஆடிட்டே இருந்தது. அப்புறம் செட்டில் ஆயின்னு டீச்சர்கிட்டகூடச் சொன்னேன்."

"சொன்னார்" என்றார் டீச்சர். "ரொம்பச் சந்தோஷமாச் சொன்னார்."

செல்லத்துரை முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. கேப்டன் அவரை முறைத்தார், அப்புறம் அவரே சிரித்துவிட்டார். அந்த நாளில் முதல் சிரிப்பு அதுதான்.

சாயங்காலம்வரை வேலை இருந்தது. கிழிந்த கம்பியை முழுதாக மாற்றினேன். ஒட்டுப்போடச் சொன்னார்கள், கேட்கவில்லை. வலது டேங்க் ஏறக்குறையக் காலியாக இருந்ததால் அந்த சென்டரையும் உருவினேன். அதே வயது, அதே கார்க்கு, அதே கனம். திருகு இல்லாவிட்டாலும் இன்னும் கொஞ்ச நாளில் அது படுத்திருக்கும். இரண்டாவது புது சென்டரின் கையையும் வளைத்து மாட்டினேன். செல்லத்துரை எஸ்டேட் கிடங்குக்குப் போய், பெட்ரோல் இருந்த கேன்களை எல்லாம் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தார். வடிகட்டி வழியாக ஊற்றினோம். கோலும் முள்ளும் சேர்ந்து ஏறின.

இப்போது உங்களில் யாராவது கேட்கலாம், அன்று மஞ்சுக்குப் பிறகு வானம் திறக்காமலே போயிருந்தால் என்று. மழை பிடித்திருந்தால், கேப்டனின் சான்று முடிந்திருந்தால், அவர் ஆசை அங்கேயே ஊறிப்போயிருந்தால்? என்னைத்தானே திட்டியிருப்பார்? ஆமாம், திட்டியிருப்பார். ஆயுள் முழுக்கத் திட்டியிருப்பார். உயிரோடு இருந்து திட்டியிருப்பார். அந்த வசவை வாங்கிக்கொள்ளத் தயாராக இருப்பதுதான் நம் வேலை. மற்றதையெல்லாம் ஸ்பேனர் பார்த்துக்கொள்ளும். அவசரப்படுத்துகிறவர் கெட்டவராக இருக்க மாட்டார். பெரும்பாலும் உங்களுக்குப் பிடித்தவராகவே இருப்பார். அவர் சொல்கிற காரணமும் நியாயமாகவே இருக்கும். அதற்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள். ஏணியில் ஏறிவிடுங்கள்.

மறுநாள் விடிந்தபோது வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. தெற்கே மட்டும் கறுப்பு. இன்று விட்டால் போச்சு என்று எல்லோருக்கும் தெரிந்தது. செல்லத்துரை ஓடுதளத்தில் ஜீப்பை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். யானை நடமாட்டம் இல்லை, ரெண்டு மாடு, விரட்டியாச்சு என்றார். நான் கையெழுத்துப் போட்டேன்.

கேப்டன் விமானத்தில் ஏறவில்லை. ஏணியைத் தானே இழுத்து வலது இறக்கையில் சாய்த்தார். ஒவ்வொரு படியிலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினார். செல்லத்துரை கீழே ஏணியைப் பிடித்தார். கேப்டன் மூடியைத் திறந்து கோலை விட்டு எடுத்துக் கீழே நீட்டினார்.

"செல்லத்துரே, எவ்வளவு?"

செல்லத்துரை வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு, கோலில் ஈரம் முடிகிற இடத்தில் கட்டைவிரலை வைத்துக் காட்டினார்.

"மதி" என்றார் கேப்டன். போதும் என்று அர்த்தம். டேங்குக்குச் சொன்னாரா, பதிலுக்குச் சொன்னாரா தெரியவில்லை. இடது பக்கமும் ஏறிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே உட்கார்ந்தார். டீச்சர் பின்னல் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் ஏறினார்.

விமானம் புல்லில் ஓடி, கோடியில் எழும்பி, வடக்கு விளிம்பை நோக்கிப் போனது. எஞ்சின் சத்தத்தைக் காதால் பிடித்துக்கொண்டு நின்றேன். விளிம்பு வரும் இடத்தில் அது சின்னப் புள்ளி. புள்ளி விளிம்புக்கு மேலே நின்றது, அப்புறம் அந்தப் பக்கம் இறங்கி மறைந்தது. சத்தம் கடைசிவரை ஒரே சீராக இருந்தது. செல்லத்துரை கேன்களை அடுக்கத் தொடங்கினார். டீச்சரின் மடக்கு நாற்காலி அங்கேயே கிடந்தது, அதில் உட்கார்ந்தேன்.

மழை தொடங்கும்போது போன் வந்தது. நான் ஜீப்பில் மூணாறுக்குப் பாதி வழியில் இருந்தேன். பேசியது டீச்சர். இறங்கியாச்சு, நல்லபடியா இறங்கியாச்சு என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார்.

"ருக்மணி, ஒரு காரியம் சொல்லணும். அந்த வலது முள்ளு இருக்கில்லே, வழி முழுக்க அது கீழே கீழே வந்துட்டே இருந்தது. நான் பார்த்துட்டே இருந்தேன். ஆடுது, இறங்குது, ஆடுது, இறங்குது. எனக்குப் பயமாப் போச்சு. இவர்கிட்டச் சொன்னா, சிரிக்கிறார். அது சரியாத்தான் இருக்கா?"

பின்னால் கேப்டன் சிரிக்கும் சத்தம் எனக்கும் கேட்டது.

"இறங்கட்டுங்க டீச்சர்" என்றேன். "அதை இறங்க வைக்கத்தானுங்க நான் மலை ஏறுனது."